மட்சுவோவின் கடைசி இரவு

கேள்வி:

சில ஆண்டுகளுக்கு முன் ஆஸ்திரேலியாவில் மகன் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தேன். ஒருநாள் கான்பரா போர் நினைவகத்துக்குக் கூட்டிப் போனான். அங்கே ஒரு ஜப்பானிய நீர்மூழ்கி இருந்தது. ரெண்டு பஸ் நீளம், ஆனால் ஆள் நுழைந்தால் குனிந்தேதான் இருக்க வேண்டும் போலிருந்தது. சிட்னி துறைமுகத்தைத் தாக்க வந்து உள்ளேயே இறந்தவர்களில் ஒருவனுக்கு வயது 24 என்று சொன்னார்கள். நான் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அந்த வயதுப் பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் பார்த்தவள். என்னை அறியாமல் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். "அம்மா, இவன் கொல்ல வந்தவன். இவனைப் போய்க் கும்பிடுறியே" என்றான் மகன். பதில் சொல்லத் தெரியவில்லை. யார் அந்தப் பையன்? சாகப் போகிறோம் என்று தெரிந்தே வந்தானா? அவனைப் பெற்றவளுக்கு என்ன மிஞ்சியது? நான் கும்பிட்டது தப்பா?

- ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்:

அம்மா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தப்பில்லை. உங்களுக்கு முன்பே, போர் உச்சத்தில் இருந்தபோதே, சிட்னியைக் காத்த கடற்படைத் தளபதி அதே பையனுக்கு மரியாதை செய்து நிறையத் திட்டு வாங்கியிருக்கிறார். அதற்குப் பிறகு வருகிறேன்.

நீங்கள் பார்த்தது ஒரு கப்பல் அல்ல, இரண்டு. சிட்னி துறைமுகத்துக்குள் அன்று இரவு மூன்று சிறிய நீர்மூழ்கிகள் நுழைந்தன. அவற்றில் இரண்டைக் கடலடியிலிருந்து தூக்கினார்கள். இரண்டுமே சிதைந்திருந்தன. ஒன்றின் நல்ல பகுதியையும் இன்னொன்றின் நல்ல பகுதியையும் பொருத்தி ஒரே கப்பலாக்கி, ஊர் ஊராகக் காட்டி நிதி திரட்டிவிட்டு, கான்பராவில் கொண்டு வைத்தார்கள். ஆகவே உங்கள் கும்பிடு ஒருவருக்குப் போய்ச் சேரவில்லை, நான்கு பேருக்குப் போயிருக்கிறது. அந்த நால்வரில் 24 வயதுக்காரர் கெய்யூ மட்சுவோ.

ஜப்பானின் தென்பகுதியில் குமாமோட்டோ என்று ஒரு மாகாணம். மட்சுவோ அங்கே பிறந்தவர். எட்டாஜிமா கடற்படைக் கல்லூரியில் படித்து அதிகாரியானார். சிறிய நீர்மூழ்கிகளுக்கென்று ரகசியமாக ஆள் தேர்ந்தெடுத்தபோது அதில் இடம்பிடித்தார். பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு ஒரு மாதம் முன்பு, 1941 நவம்பர் தொடக்கத்தில், தாயோ மாரு என்ற பயணிகள் கப்பலில் அடையாளத்தை மறைத்துக்கொண்டு ஹோனலுலுவுக்கே போய், துறைமுக வாயிலை நோட்டம் பார்த்து வந்த மூன்று அதிகாரிகளில் அவரும் ஒருவர். விவரம் தெரியாமல் அகப்பட்டுக்கொண்ட பையன் என்று அவரை நினைக்க முடியாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். தொழிலை நன்றாகக் கற்றவர், அதை விரும்பியவர்.

தெரிந்தே வந்தானா என்று கேட்டீர்கள். இதற்குச் சட்டென்று ஆம், இல்லை என்று சொல்லிவிட முடியாது.

காகிதத்தில் திரும்பி வரும் திட்டம் இருந்தது. இந்தச் சின்னக் கப்பல்களைப் பெரிய நீர்மூழ்கிகள் முதுகில் கட்டிச் சுமந்து வந்து துறைமுக வாயிலுக்கு அருகே விடும். வேலை முடிந்ததும் சிட்னிக்குத் தெற்கே போர்ட் ஹேக்கிங் அருகே வந்து சேர வேண்டும், தாய்க் கப்பல்கள் அங்கே காத்திருந்து ஆட்களை ஏற்றிக்கொள்ளும். உண்மையிலேயே அவை ஜூன் 3 வரை காத்திருந்தன. ஆகவே பின்னாளில் வந்த கைட்டென் என்ற மனித டார்பிடோவோடு சேர்த்து இவர்களையும் 'தற்கொலைப் படை' என்று எழுதுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. கைட்டெனில் போனவனுக்குத் திரும்பும் வழியே வைக்கப்படவில்லை.

ஆனால் கப்பலின் கணக்கைப் பாருங்கள். நீளம் 24 மீட்டர், எடை 46 டன். உள்ளே இரண்டே பேர். மூக்கில் இரண்டு டார்பிடோ. டீசல் இன்ஜின் கிடையாது, எல்லாம் பேட்டரிதான், அதுவும் போன இடத்தில் மறுபடி சார்ஜ் செய்ய வழியில்லாத பேட்டரி. முழு வேகத்தில் ஓட்டினால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. மெல்ல ஊர்ந்தால் நூறு கடல் மைல் போகலாம். ஊர்ந்தே ஒரு துறைமுகத்துக்குள் போய், டார்பிடோ விட்டு, துரத்துபவர்களிடம் தப்பி, மறுபடி ஊர்ந்தே வெளியே வந்து, இருட்டில் தாய்க் கப்பலைக் கண்டுபிடிக்க வேண்டும். டார்பிடோவை விட்ட மாத்திரத்தில் முன்பக்கத்தின் எடை குறைந்து மூக்கு மேலே எம்பிவிடும், ஒளிந்திருந்தவன் தானாக வெளியே தெரிவான். பிடிபட்டால் கப்பலைத் தகர்க்க உள்ளேயே வெடிமருந்து வைத்திருந்தார்கள்.

இன்னொன்றும் இருந்தது. பேர்ல் ஹார்பருக்கு இதேபோல் ஐந்து கப்பல்களில் பத்துப் பேர் போனார்கள், ஒரு கப்பலும் திரும்பவில்லை. 1942 மார்ச்சில் ஜப்பானிய அரசு அவர்களைப் போர் தெய்வங்கள் என்று அறிவித்தது. நாடே அவர்கள் படத்தை வைத்து வணங்கியது. ஆனால் படத்தில் ஒன்பது பேர்தான். பத்தாவது ஆளான கசுவோ சகமாகி கரையில் மயங்கிக் கிடந்து, அமெரிக்கர்களிடம் உயிரோடு பிடிபட்டுவிட்டார். செத்த ஒன்பது பேரும் தெய்வமானார்கள். பிழைத்தவர் இருந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. மட்சுவோவும் நண்பர்களும் சிட்னிக்குப் புறப்படத் தயாரானது இந்தப் புகழ்மாலை வாடுவதற்குள். மேலதிகாரி கொடுத்த திட்டத்தில் திரும்பி வருவது இருந்தது, ஊர் அவர்களிடம் எதிர்பார்த்ததில் அது இல்லை. 24 வயதில் இந்த இரண்டில் எது மனசில் பெரிதாக நிற்கும் என்று ஆசிரியையான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

புறப்பட்ட பிறகும் விதி ஆளை மாற்றிப் போட்டது. ஐ-28 என்ற பெரிய நீர்மூழ்கி ஒரு சின்னக் கப்பலை ஏற்றிக்கொள்ள வரும் வழியில், மே 17 அன்று அமெரிக்க நீர்மூழ்கி ஒன்றால் மூழ்கடிக்கப்பட்டது. ஐ-24 சுமந்து வந்த சின்னக் கப்பலில் பேட்டரி வெடித்து ஒருவர் இறந்தார், இன்னொருவருக்குக் காயம். ஐ-28க்காகக் காத்திருந்த கத்சுஹிசா பான், மமோரு அஷிபே இருவரையும் அவர்கள் கப்பலோடு ஐ-24 ஏற்றிக்கொண்டது. பான் மட்சுவோவைவிட ஒரு வயது சின்னவர்.

1942 மே 31, ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள்தான் வைகாசிப் பௌர்ணமி. சிட்னி கடல் முகப்புக்கு எதிரே ஐந்து பெரிய நீர்மூழ்கிகள் நின்றன. ஒரு தகவலை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. அந்த ஐந்தில் ஒன்றான ஐ-29தான் அடுத்த ஆண்டு ஏப்ரலில் மடகாஸ்கருக்கு அருகே ஜெர்மன் நீர்மூழ்கியிடமிருந்து சுபாஷ் சந்திர போஸை ஏற்றிக்கொண்டு சுமத்ரா பக்கம் சபாங்கில் கொண்டு சேர்த்தது. ஐ-27 இரண்டு ஆண்டு கழித்து, மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த கெடிவ் இஸ்மாயில் என்ற துருப்புக் கப்பலை மூழ்கடித்து ஆயிரத்து இருநூறு பேருக்கு மேல் கொன்றது, அங்கேயே தானும் மூழ்கியது. 1944 ஜூலை முடிவதற்குள் ஐந்துமே கடலடியில்.

துறைமுக வாயிலில் எஃகு வலை கட்டிக்கொண்டிருந்தார்கள். நடுப்பகுதி முடிந்திருந்தது, இரு ஓரங்களிலும் இன்னும் திறப்பு. முதலில் வந்த கென்ஷி சூமானும் தகேஷி ஓமோரியும் மேற்கு ஓரத்தில் வலையில் சிக்கிக்கொண்டார்கள். அதை முதலில் பார்த்தவர் கடற்படை ஆள்கூட இல்லை, ஜேம்ஸ் கார்கில் என்ற இரவுக் காவலாளி. வலையில் ஏதோ மாட்டியிருக்கிறதென்று துடுப்புப் போட்டுப் போய்ப் பார்த்துவிட்டுக் காவல் படகில் சொன்னார். அவர்கள் நம்பி வந்து சேர்வதற்குள் நேரம் போயிற்று. இரவு 10.35க்கு உள்ளே இருந்த இருவரும் தாங்களே வெடி வைத்துக்கொண்டார்கள்.

இரண்டாவதாகப் போன பான் துறைமுகத்தின் நடுவரைக்கும் போய்விட்டார். அமெரிக்கப் போர்க்கப்பல் சிகாகோவைக் குறிவைத்து நள்ளிரவு 12.30 வாக்கில் இரண்டு டார்பிடோக்களை விட்டார். ஒன்று கார்டன் தீவின் கரையில் ஏறி வெடிக்காமல் கிடந்தது. மற்றது சிகாகோவைத் தவறவிட்டு, குட்டபுல் என்ற பழைய பயணிகள் படகின் அடியில் புகுந்து கரைச்சுவரில் வெடித்தது. குட்டபுல் அப்போது மாலுமிகளின் தங்குமிடம். உறங்கிக்கொண்டிருந்த 21 பேர் இறந்தார்கள், 19 ஆஸ்திரேலியர், 2 பிரிட்டிஷார். அவர்களும் பானின் வயதுப் பிள்ளைகள்தான். உங்கள் மகன் சொன்னதில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், அம்மா. அந்த 21 வீடுகளில் நின்றுகொண்டு அவர் சொல்வதை மறுக்க முடியாது.

இனி மட்சுவோ. அவரோடு இருந்தவர் மசாவோ ட்சுஸுகு. வாயிலுக்கு வெளியிலேயே இரவு 11 மணிக்கு முன்னால் அவர்கள் கண்ணில் பட்டுவிட்டார்கள். ஒரு காவல் கப்பல் மோதப் பார்த்தது, பிறகு ஆழ்குண்டுகளை வீசியது. நீர்மூழ்கி ஒழிந்தது என்று காவல் கப்பல் நினைத்துக்கொண்டது. மட்சுவோ கப்பலைக் கடலடியில் உட்கார வைத்துவிட்டு நான்கு மணி நேரம் காத்திருந்தார்.

அந்த நான்கு மணி நேரத்தைத்தான் நான் அடிக்கடி நினைப்பேன். நடுவில் ஒரு சின்னக் கட்டுப்பாட்டறை, இரு பக்கமும் பேட்டரி வரிசை. கால் நீட்டிப் படுக்க இடமில்லை. அடைத்த காற்று, இருவர் விட்ட மூச்சு, பேட்டரியின் நெடி. மேலே படகுகளின் சுழலி ஓசை நெருங்கும், விலகும். தொலைவில் ஒரு பெரிய வெடிச்சத்தம் கேட்டிருக்கும். அது நண்பனின் வெற்றியா நண்பனின் சாவா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. அந்த நேரத்தில் அவர்கள் வெளியே திரும்பியிருக்கலாம். தாய்க் கப்பல் தெற்கே காத்திருந்தது, துறைமுகம் முழுக்க விழித்துக்கொண்டது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அதிகாலை 3 மணிக்கு மட்சுவோ எழுந்து உள்ளேதான் போனார். வாயிலில் சிகாகோவே எதிரே வெளியேறிக்கொண்டிருந்தது. தாங்கள் தேடி வந்த கப்பல் பக்கத்திலேயே கடந்து போயிற்று.

துறைமுகத்தின் வடகரையில் டெய்லர்ஸ் பே என்று ஒரு சிறிய குடா. விடியும் முன் சீ மிஸ்ட், ஸ்டெடி ஹவர், யரோமா என்ற மூன்று சிறு படகுகள் அங்கே அவர்களைக் கண்டுபிடித்து ஆழ்குண்டுகளைப் போட்டபடியே இருந்தன. உல்லாசப் படகுகளாக இருந்து போருக்காக மாற்றப்பட்டவை இவை. காலை ஆனதும் முக்குளிப்பவர் இறங்கியபோது கப்பலின் சுழலி இன்னும் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. கப்பலைத் தூக்கியபோது இரண்டு டார்பிடோவும் குழாயிலேயே இருந்தன. விட முயன்றிருக்கிறார்கள், முன்பக்கக் கூடு நசுங்கியிருந்ததால் வெளியேறவில்லை. உள்ளே இருவரும் துப்பாக்கிக் குண்டுக் காயத்தோடு இறந்திருந்தார்கள்.

மட்சுவோ அன்றிரவு யாரையும் கொல்லவில்லை. வாய்ப்புக் கிடைத்திருந்தால் கொன்றிருப்பார் என்பதும் உண்மை. இரண்டையும் ஒன்றாக வைத்துத்தான் அவரை நினைக்க வேண்டும்.

நான்கு உடல்களும் கிடைத்தன. சிட்னி கடற்படைத் தளபதி ஜெரார்ட் மியூர்ஹெட்-கூல்ட் என்ன செய்தார் தெரியுமா? ஜூன் 9 அன்று, நான்கு பெட்டிகளுக்கும் ஜப்பானியக் கொடி போர்த்தி, முழுக் கடற்படை மரியாதையோடு எரியூட்டினார். மரியாதை வேட்டுகள் முழங்கின. குட்டபுல்லில் இறந்தவர்களைப் புதைத்து ஒரு வாரம்கூட முழுசாக ஆகவில்லை. முந்தின நாள் அதிகாலையில்தான் அந்த ஐந்து பெரிய நீர்மூழ்கிகளில் இரண்டு சிட்னி, நியூகாசில் நகரங்கள்மேல் குண்டு வீசியிருந்தன. ஊர் கொதித்தது. அவர் பின்வாங்கவில்லை. இப்படிப்பட்ட இரும்புக்கூட்டில் வருவதற்கு எப்பேர்ப்பட்ட துணிச்சல் வேண்டும், இந்த அளவு தியாகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காவது செய்ய நம்மில் எத்தனை பேர் தயார் என்ற பொருளில் வானொலியில் பேசினார்.

ஜப்பானிடம் சிக்கிய ஆயிரக்கணக்கான ஆஸ்திரேலியக் கைதிகளை நல்லபடி நடத்துவார்கள் என்ற எண்ணமும் இதன் பின்னால் இருந்ததாகச் சொல்வார்கள். அப்படி இருந்திருந்தால் அது பலிக்கவில்லை. சயாம்-பர்மா மரண ரயில் பாதையில் அந்தக் கைதிகளும், மலேயா தோட்டங்களிலிருந்து இழுத்துப் போகப்பட்ட பல்லாயிரம் தமிழர்களும் எப்படிச் செத்தார்கள் என்பது நம் வீடுகளிலேயே இன்னும் ஆறாத கதை. ஜப்பானியப் படையை நாம் மன்னிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்தப் படைக்காக இறந்தவர் மட்சுவோ. அதைத் தெரிந்துகொண்டே ஒருவர் அவருக்குக் கைகூப்பலாம் என்றுதான் சொல்கிறேன். மியூர்ஹெட்-கூல்ட் அதைத்தான் செய்தார்.

பெற்றவளுக்கு என்ன மிஞ்சியது என்று கேட்டீர்களே. முதலில் சாம்பல். கைதிகளையும் தூதர்களையும் பரிமாறிக்கொள்ள ஏற்பாடானபோது, ஆஸ்திரேலியாவில் இருந்த ஜப்பானியத் தூதர் தட்சுவோ கவாய் நான்கு அஸ்திக் கலசங்களோடு புறப்பட்டார். ஆப்பிரிக்கக் கரையில் போர்த்துகீசியருடைய லூரென்சோ மார்க்கெஸ் துறைமுகத்தில் கப்பல் மாறி, காமகுரா மாருவில் அக்டோபரில் யோகோஹாமா போய்ச் சேர்ந்தார். போர் நடந்துகொண்டிருக்கும்போதே எதிரி நாட்டிலிருந்து மகனின் சாம்பல் வீடு வந்து சேர்ந்த குடும்பங்கள் அந்தப் போரில் எத்தனை இருந்திருக்கும்? நீர்மூழ்கியில் இறந்தவன் வீட்டுக்கு ஒரு செய்திதான் வரும். அத்தோடு சரி. அந்த ஐந்து பெரிய நீர்மூழ்கிகளோடு மூழ்கிய நூற்றுக்கணக்கான பேரின் வீடுகளுக்கு ஒரு பிடி சாம்பலும் போகவில்லை.

பான், அஷிபே வீடுகளுக்கும் போகவில்லை. டார்பிடோ விட்டபின் அவர்கள் துறைமுகத்தைவிட்டு வெளியேறிவிட்டார்கள், ஆனால் தாய்க் கப்பலுக்குப் போய்ச் சேரவே இல்லை. 64 ஆண்டு கழித்து, 2006 நவம்பரில், வார இறுதியில் பொழுதுபோக்காக முக்குளிக்கும் ஏழு நண்பர்கள் சிட்னிக்கு வடக்கே பங்கன் ஹெட் கரைக்கு எதிரே, 50 மீட்டருக்கு மேல் ஆழத்தில் அந்தக் கப்பலைக் கண்டுபிடித்தார்கள். போர்ட் ஹேக்கிங் இருப்பது தெற்கே, இவர்கள் போனது நேர் எதிர்த்திசையில். வழி தவறியதா, தாய்க் கப்பல்களிடம் எதிரியைக் கூட்டிப் போய்விடக் கூடாது என்று வேண்டுமென்றே விலகிப் போனார்களா என்று இன்றும் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு இரண்டாவதை நம்பத்தான் ஆசை, ஆனால் அது ஆசைதான். கப்பலைத் தூக்காமல் கல்லறையாக அங்கேயே பாதுகாக்கிறார்கள். 2007இல் உறவினர்களை ஆஸ்திரேலியக் கடற்படைக் கப்பலில் அந்த இடத்துக்கு அழைத்துப் போனார்கள். அவர்கள் கடலில் சாக்கே மதுவை ஊற்றினார்கள். கப்பல் கிடக்கும் இடத்துக் கடலடி மணலைக் கொஞ்சம் எடுத்து அவர்களுக்குக் கொடுத்தார்கள்.

மட்சுவோவின் தாயார் அதற்கெல்லாம் வெகுகாலம் முந்தியே வந்துவிட்டார். பெயர் மட்சுவே. 1968இல், எண்பது வயதைத் தாண்டியபின், கடல் கடந்து ஆஸ்திரேலியா வந்தார். டெய்லர்ஸ் பேயில் மகன் இறந்த இடத்தில் நீரில் செர்ரிப் பூக்களைத் தூவினார். கான்பரா போர் நினைவகத்துக்கும் போய்ப் பரிசுப் பொருட்களைக் கொடுத்தார். நீங்கள் கைகூப்பியது அதே நினைவகத்தில்தான், அம்மா.

அடுத்த முறை போகும்போது மகனையும் கூட்டிக்கொண்டு சிட்னியில் பிராட்லீஸ் ஹெட்டிலிருந்து கரையோரமாக நடந்து பாருங்கள். மரங்களுக்கு நடுவே பாதை டெய்லர்ஸ் பேயை ஒட்டியே போகும். பிராட்லீஸ் ஹெட் முனையில் நின்று துறைமுகத்தைப் பார்த்தால் எதிர்க்கரையில், நகரத்தின் பக்கமாக, கடற்படைக் கப்பல்கள் கட்டிக் கிடக்கும் கார்டன் தீவு தெரியும். குட்டபுல் மூழ்கியது அங்கே, அந்தக் கடற்படைத் தளத்துக்கு இன்று அதன் பெயர்தான். பூ எடுத்துப் போனால் இரண்டு இடத்துக்கும் சேர்த்தே எடுத்துப் போங்கள்.